தகர டின்னை அடித்தது யார்?

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் டீச்சர்மாரே, சார்மாரே, போன வாரம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னையும் கூப்பிட்டுப் பின்வரிசையில் உட்கார வைத்தீர்கள். பள்ளிப் பாதுகாப்பு பற்றிப் பேச வந்தவர் கேட் எப்படி இருக்க வேண்டும், கேமரா எங்கே மாட்ட வேண்டும், சைரன் கேட்டால் பிள்ளைகளை எந்த அறையில் வைத்துப் பூட்ட வேண்டும் என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினார். நல்ல காரியம்தான். மதியம் சாப்பிடும்போது உங்களில் ஒரு பெண் என்னிடம், "உங்க காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் இருந்திருக்காதுல்ல டீச்சர்? அமைதியா இருந்திருக்கும்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அமைதியாம்! சோறு ஆறிவிடும் என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தமானில், பாராடாங் தீவில் காட்டை வெட்டி ரோடு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் பிறந்து வளர்ந்த எனக்கு அபர்டீன் பஜாரைத் தாண்டினாலே வெளியூர். அப்பேர்ப்பட்டவளை அங்கே புதிதாகக் குடியேறியவர்களின் செட்டில்மெண்ட் பள்ளி ஒன்றுக்குப் போட்டார்கள். அம்மா மூன்று நாள் அழுதாள். அப்பா, "சர்க்கார் வேலைன்னா காடாவது கடலாவது, போய்த்தான் ஆகணும்" என்று டிரங்குப் பெட்டியைக் கட்டிப் படகில் ஏற்றிவிட்டார்.

பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு பெரிய அறை, அதை ஒட்டி ஒரு சின்ன அறை, பின்னால் ஒரு சமையல் கொட்டகை. பள்ளிக்கூடம் என்பது அவ்வளவுதான். முன்னால் மைதானம், அதைத் தாண்டினால் ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்குப் போகும் பாதை. பின்னால், கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் காடு. வாத்தியார்கள் இரண்டே பேர், ஹெட்மாஸ்டரும் நானும். ஹெட்மாஸ்டர் மெயின்லேண்டிலிருந்து வந்தவர். ஒல்லியான மனிதர், சட்டென்று கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். பேரைச் சொன்னால் கூச்சப்படுவார், அதனால் எழுதவில்லை. என் வேலையில் நான் கற்றதில் பாதி அவரைப் பார்த்துக் கற்றது. மீதிப் பாதி அவரோடு சண்டை போட்டுக் கற்றது.

கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பால் பவுடர் கரைத்துக் காய்ச்சும் வேலை மங்கைக்கு. அவள் புருஷன் வேலு, மரம் வெட்டும் கேங்கில் கூலி. குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். ஒரு நாள் அரிவாளைத் தூக்கிவிட்டான். அன்றைக்கே மங்கை மகள் செல்வியைக் கையில் பிடித்துக்கொண்டு கூலி லைனை விட்டு வந்துவிட்டாள். ஹெட்மாஸ்டர்தான் கொட்டகையிலேயே தங்கிக்கொள்ளச் சொன்னார். போலீஸ் அவுட்போஸ்ட்டில் வேலுவைக் கூப்பிட்டு மிரட்டினார்கள். அவன் வடக்கே மாயாபந்தர் பக்கம் வேலைக்குப் போய்விட்டான் என்று கேட்டதும் எல்லோரும் பெருமூச்சு விட்டோம். செல்வி என் வகுப்பில், மூன்றாம் கிளாஸ். ரொம்பவும் பேசாத பிள்ளை.

மழைக்காலம் முடிந்த பிறகுதான் அது தொடங்கியது.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பீரியடில் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் பெரிய அறையில் கூடி வாய்ப்பாடு சொல்ல வேண்டும். எந்த பெஞ்ச் தன் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் சொல்லி முடிக்கிறதோ அது முதலில் வீட்டுக்குப் போகலாம். தமிழ்ப் பிள்ளை, பெங்காலிப் பிள்ளை, ராஞ்சிக்காரப் பிள்ளை எல்லாம் தமிழிலேயே கத்தும். கேட்கவே சந்தோஷமாக இருக்கும். அந்த நேரத்தில் பின்பக்கக் காட்டில் சில்வண்டுகள் காது அடைக்கும்படி இரைந்துகொண்டிருக்கும்.

ஒரு நாள் வாய்ப்பாட்டின் நடுவில் சில்வண்டுச் சத்தம் நின்றது. மொத்தக் காடும் நிற்கவில்லை, எங்கள் ஜன்னலுக்கு நேர் பின்னால் மட்டும் நின்றது. காட்டோரம் குடியிருப்பவர்களுக்கு அதற்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே யாரோ நிற்கிறார்கள். பிள்ளைகள் தலையைத் தூக்கின. கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் திரும்ப வந்தது. மறுநாளும் அதே பீரியடில் நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது.

பிறகு ஜன்னல் கட்டையில் சாமான்கள் வர ஆரம்பித்தன. ஒரு நாள் காலையில் இலையில் பொதிந்த தேனடை. இன்னொரு நாள் ஒரு பெரிய சங்கு. ஒரு நாள் கழுவிச் சுத்தமாகத் துடைத்த மான்கொம்புத் துண்டு. வைத்தது யாரென்று எவரும் பார்க்கவில்லை. செட்டில்மெண்ட் முழுவதும் ஒரே பேச்சாகிவிட்டது.

"ஜாரவாதான் டீச்சர், வேற யாரு? இடத்தை அடையாளம் வெச்சிட்டுப் போறாங்க" என்றார் கடைக்காரர். அவுட்போஸ்ட் கான்ஸ்டபிள் வந்து ஜன்னலைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஜங்கல்வாலே ஹைன் மாஸ்டர்ஜி. கிட்கி பந்த் ரக்கோ" என்றார். காட்டு ஆட்கள்தான், ஜன்னலைச் சாத்தி வையுங்கள் என்பதோடு அவர் விசாரணை முடிந்தது. ஜாரவாக்கள் அந்தத் தீவின் ஆதிக்குடிகள்; அந்தக் காடு அவர்களுடையது, நடுவில் போய்க் குடிசை போட்டது நாம். அந்த நினைப்பு அடிமனதில் இருந்ததாலோ என்னவோ, எதைக் கண்டாலும் அவர்கள் வருகிறார்கள் என்றே எங்களுக்குத் தோன்றும். நான் அங்கே இருந்த வருஷங்களில் ஒரு தரம்கூட அவர்கள் எங்கள் பிள்ளைகளைத் தொட்டதில்லை.

ஹெட்மாஸ்டருக்குத் தூக்கம் போய்விட்டது. காட்டைப் பார்த்த ஜன்னல்கள் எல்லாவற்றையும் சாத்தி, குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார். கொட்டகைக்குப் போகும் பின்வாசல் பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய் டின்னைத் தொங்கவிட்டார். ஆபத்து என்றால் அவரோ நானோ மங்கையோ அதை அடிக்க வேண்டும். டின் சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் பிள்ளைகள் ஓடிவந்து பெரிய அறைக்குள் நுழைய வேண்டும். பின்வாசல், முன்வாசல், முன்பக்க ஜன்னல்கள் எல்லாவற்றையும் சாத்தி, முன்கதவுக்குக் குறுக்கே மரக்கட்டை போட்டு, சத்தம் போடாமல் உட்கார வேண்டும். தினமும் ஒத்திகை நடந்தது.

"எல்லாத்தையும் சாத்திட்டா ஒரு அவசரத்துக்கு எப்படி சார் வெளிய வர்றது?" என்று கேட்டேன்.

"வெளிய வர்றதுக்கா டீச்சர் டிரில்? உள்ள இருக்கறதுக்கு!" என்று எரிந்து விழுந்தார்.

ஆணி அடித்த பிறகு ஜன்னல் கட்டையில் சாமான் வருவது நின்றது. ஆனால் சில்வண்டு நிற்பது மட்டும் நிற்கவில்லை. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பலகைகளின் இடுக்கு வழியாக வெயில் நீளக் கோடாகத் தரையில் விழும். கடைசிப் பீரியடில் அந்தக் கோடு நடுவில் அறுந்துபோகும். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு உடம்பு ஒட்டிக்கொண்டு நின்றால்தான் அப்படி அறும். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே அந்த இடத்தைப் பார்ப்பார்கள். குரல் தானாகத் தாழும். ஹெட்மாஸ்டர் ஒரு தரம் தடியை எடுத்துக்கொண்டு சுற்றிவந்து பார்த்தார். யாரும் இல்லை, புல் மட்டும் மிதிபட்டுக் கிடந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்தப் பக்கம் முதுகு காட்டி நிற்கவே மாட்டேன்.

செல்வி மட்டும் அந்தக் கோட்டைப் பார்க்க மாட்டாள். தலையைக் குனிந்து வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். தைரியமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். கடைசிப் பீரியட் தொடங்கக் கொஞ்ச நேரம் இருந்தது. ஹெட்மாஸ்டர் பெரிய பிள்ளைகளை மைதானத்து ஓரம் இருந்த மரவள்ளித் தோட்டத்தில் களை பிடுங்க விட்டிருந்தார். நான் சின்ன அறையில் இருந்தேன். பெரிய அறை காலி. மங்கை தண்ணீர் எடுக்க ஜெட்டிப் பாதைக் கிணற்றுக்குப் போயிருந்தாள். திடீரென்று டின் சத்தம் டமடமவென்று கேட்டது.

ஒத்திகை பார்த்த பிள்ளைகள் அல்லவா, ஒன்றுகூட அழவில்லை. நான் என் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு பெரிய அறைக்கு ஓடினேன். தோட்டத்துப் பிள்ளைகள் மண் கையோடு வந்து நுழைந்தார்கள். மங்கை குடத்தைப் பாதையிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஹெட்மாஸ்டர் கடைசியாக நுழைந்து கதவைச் சாத்திக் கட்டையைப் போட்டார். பலகை அடித்த பிறகு அறையின் பின்கோடி பகலிலும் இருட்டுதான். பின்வாசல் ஏற்கனவே சாத்தியிருந்தது. அவர் நான் சாத்தினேன் என்று நினைத்தார், நான் மங்கை சாத்தினாள் என்று நினைத்தேன். முன்பக்க ஜன்னல்களையும் மூடியதும் அறை கும்மிருட்டாகிவிட்டது. பலகை இடுக்கு வெளிச்சம் மட்டும் தரையில் கோடு கோடாகக் கிடந்தது. பிள்ளைகள் வெறும் மூச்சாக உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே சில்வண்டுகள் இரைந்துகொண்டிருந்தன. ஜன்னலுக்கு நேர் பின்னால், வழக்கமாக நின்றுபோகும் இடத்தில்கூட ஒரு தடங்கலும் இல்லை. தரையில் கோடுகள் எல்லாம் முழுசாக இருந்தன. ஒரு பெங்காலிப் பிள்ளை நிம்மதியாக, "சலா கயா" என்றது. போய்விட்டானாம்.

ஹெட்மாஸ்டர் என் காதருகே குனிந்து, "என்னத்தைப் பார்த்து டின் அடிச்சீங்க டீச்சர்?" என்றார்.

"நான் அடிக்கலையே சார். நீங்க அடிச்சீங்கன்னுல்ல வந்தேன்?"

"நான் தோட்டத்துல இருந்தேன். மங்கை, நீயாம்மா?"

"ஐயோ, நான் தண்ணிக்குல்ல போயிருந்தேன் சார்" என்றாள் மங்கை.

அப்போது அறையின் கோடியில், பின்வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் ஒரு தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. பீடிக் கங்கு ஒன்று ஏறி இறங்கியது.

"நான்தான் மாஸ்டர் அடிச்சேன்" என்றது ஒரு குரல்.

வேலு. தீக்குச்சி வெளிச்சத்தில் முகம் ஒரு கணம் தெரிந்தது. மடியில் காடு வெட்டும் அரிவாள் கிடந்தது. எங்களைப் பலகைக்குப் பின்னால் நின்று எத்தனை நாள் பார்த்தானோ, எங்கள் டிரில் அவனுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. டின்னை அடித்தான், பின்வாசல் வழியாக நுழைந்தான், சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். பிள்ளைகள், மங்கை எல்லோரையும் நாங்களே கொண்டுவந்து அவனோடு சேர்த்துத் தாழ் போட்டுக்கொண்டோம்.

"எம்பொண்ணும் அவ ஆத்தாளும் எங்கூட வரணும். வேற யாரும் எனக்கு வேணாம். வரலைன்னா இங்கேயே முடிச்சுட்டுத்தான் போவேன்" என்றான். சத்தம்கூடப் போடவில்லை.

உங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லாத விஷயம் இதுதான். அந்த இடத்தில் முதலில் கை துடிப்பது கதவுக் கட்டையைத் தூக்கத்தான். தூக்கியிருந்தால் அத்தனை பிள்ளைகளும் ஒரே வாசலில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருப்பார்கள். அவன் அந்தக் கூட்டத்துக்குள் அரிவாளோடு இறங்கியிருப்பான். ஹெட்மாஸ்டர் கட்டையில் கை வைத்தார், எடுத்துவிட்டார். ஒரு மூச்சு விட்டார். பிறகு தினமும் பேசுகிற அதே குரலில், கொஞ்சம் சலிப்போடுகூட, பேசினார்.

"வேலு, பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கே, சரி. ஸ்கூல் இன்னும் விடலையே. வாய்ப்பாடு முடியாம எந்தப் பிள்ளையையும் நான் அனுப்பறதில்ல. உனக்கே தெரியும்."

பைத்தியமா இந்த மனுஷனுக்கு என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றான் வேலு. "சொல்லச் சொல்லுங்க. செல்வி ஏழாம் வாய்ப்பாடு சொல்லட்டும். அது குரல் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

அவன் கெட்டிக்காரன். இருட்டில் அவள் எங்கே இருக்கிறாள் என்று குரலை வைத்துத்தான் பிடிக்க முடியும். ஹெட்மாஸ்டர் ஒரு பெஞ்சை எழுப்பினார். கட்டையை எடுத்து, ஒரு பிள்ளை நுழையும் அளவுக்குக் கதவைத் திறந்து, வெளிச்சம் உள்ளே பாயாதபடி அந்தச் சந்தில் தானே நின்றுகொண்டார். "ஓடக் கூடாது. மெதுவா. வெளிய போய் நேரா ஜெட்டிக்கு" என்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு அனுப்பினார். உள்ளே மற்ற பிள்ளைகள் அவரவர் வாய்ப்பாட்டை முணுமுணுத்தார்கள். பெஞ்ச் பெஞ்சாக, தினமும் போவது போலவே போனார்கள். அந்த வழக்கம்தான் அவர்கள் கால்களைப் பிடித்து நடத்தியது. வேலுவையும் உட்கார வைத்தது அதுதான் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன்.

செல்வி என் பக்கத்தில் இருந்தாள். அவள் கை என் கைக்குள் வியர்த்துப் பிசுபிசுத்தது. "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சன்னக் குரல், மூக்கால் சொல்வாள். எனக்கு அப்போது சின்ன வயது, என் குரலும் அப்படி ஒன்றும் கனமில்லை. மூவேழில் நானும் அவளோடு சேர்ந்து சொன்னேன். நாலேழில் அவள் வாயை மெல்லப் பொத்திவிட்டு நான் மட்டும் சொன்னேன். அவளைத் தரையோடு தரையாகக் குனிய வைத்து, எழுந்த பெஞ்ச் வரிசைக்குள் தள்ளிவிட்டேன். எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் ஒரே யூனிஃபார்ம், ஒரே இரட்டைச் சடை. ஹெட்மாஸ்டர் கை அந்தத் தலையில் ஒரு கணம் கூடுதலாக நின்றது. மங்கை கதவோரத்திலேயே இருந்தாள். மகளோடு அவளும் வெளியே நழுவினாள்.

நான் ஒவ்வொரு வரியையும் இழுத்து இழுத்து, சொன்னதையே திரும்பவும் சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைசிப் பிள்ளையும் போயிற்று. அறையில் என் குரல் மட்டும் இருந்தது. "ஆறேழு நாப்பத்திரண்டு, ஏழேழு நாப்பத்தொம்பது, எட்டேழு அம்பத்தாறு."

பெஞ்ச் கிரீச்சிட்டது.

"டீச்சர்" என்றான் அவன். குரல் உடைந்திருந்தது. "எம்பொண்ணு போயிருச்சா?"

நான் கதவுப் பக்கமாக ஓரடி பின்வாங்கினேன்.

"எட்டேழு அம்பத்தெட்டுன்னுதான் சொல்லும் அது. தினம் கேக்கறேன். ஒரு நாளும் சரியாச் சொன்னதில்ல."

அவள் அங்கே தடுக்குவாள் என்பது எனக்குத் தெரியாதா? எத்தனை தரம் திருத்தியிருப்பேன்! ஆனால் பயத்தில் என் வாய்க்குச் சரியான விடைதான் வந்தது. வாத்தியார் வாய், வேறு எதைச் சொல்லும்?

அவன் எழுந்து வரும் காலடி கேட்டது. ஹெட்மாஸ்டர் கதவைப் பட்டென்று முழுக்கத் திறந்து, "டீச்சர், வெளிய!" என்று என்னைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். கரும்பலகையைச் சட்டத்தோடு தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டார். பலகையில் அரிவாள் இறங்கிய சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. இரண்டாம் வெட்டு அவர் முன்னங்கையில் விழுந்தது. அதற்குள் ஜெட்டிப் பக்கமிருந்து ஆட்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவர, வேலு பின்வாசல் வழியாகப் பாய்ந்துவிட்டான். அவன் போகும் வழியெல்லாம் சில்வண்டுகள் நின்று நின்று ஒலித்தன. அந்த மௌனம் காட்டுக்குள் தள்ளித் தள்ளிப் போவதை நாங்கள் எல்லோரும் மைதானத்தில் நின்று கேட்டோம். பிறகு வடக்கே அவனைப் பிடித்து, கேஸ் நடந்து, ஜெயிலுக்குப் போனான். அது போலீஸ் கதை.

கையில் ரத்தம் சொட்டச் சொட்ட ஹெட்மாஸ்டர் முதலில் செய்தது, ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பெரிய ஆள் கையில் ஒப்படைத்ததுதான். பிள்ளைகளைச் சுற்றி நின்று கேள்வி கேட்டவர்களைத் துரத்தினார். அதற்குப் பிறகுதான் கட்டுப் போட உட்கார்ந்தார். மறுநாள் காயத்தோடு வந்து, நல்ல கையால் ஜன்னல் ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். நான் விடாமல், "சாத்தினா எப்படி வெளிய வர்றதுன்னு அன்னைக்கே கேட்டேனே சார்" என்றேன்.

"கேட்டீங்க. நான்தான் காட்டையே பார்த்துட்டு நின்னேன். வாயை மூடிட்டு இந்தப் பலகையைப் பிடிங்க" என்றார்.

கதவைப் பூட்டுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பூட்டும் முன் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லோரும் பயப்படும்போது ஒரு பிள்ளை மட்டும் பயப்படாமல் இருந்தால், தைரியசாலி என்று பாராட்டிவிட்டுப் போகாதீர்கள்.

சில வாரம் கழித்து, ஆணி பிடுங்கிய ஜன்னலோரம் செல்வியோடு உட்கார்ந்திருந்தேன். மெதுவாகக் கேட்டேன். "வெளிய நிக்கறது அப்பாதான்னு உனக்குத் தெரியுமா கண்ணு?"

"தெரியும் டீச்சர். தேன் வெச்சாருல்ல, முன்ன வீட்டுக்குக் கொண்டாற மாதிரியே."

"அப்ப ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "எல்லாரும் ஜாரவாவைப் பார்த்தியா, ஜாரவாவைப் பார்த்தியான்னுதானே கேட்டீங்க? நான் பார்க்கலை, இல்லைன்னேன். அப்பாவைப் பத்தி யாருமே கேக்கலையே டீச்சர்."

அன்றைக்கு அவள் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். ஸ்கூல் விடுகிற மணி அடித்தும் அவள் பேச்சை நிறுத்தவில்லை.